இருபது வரை எண்ணினால் போதும்

நான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தபின் என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் சென்ற மாதம் தொலைபேசியில் கூப்பிட்டார். பழைய சோதனைக் கருவிகளுக்குப் புது உதிரி பொருத்துவது பற்றி நான்கு பக்கம் எழுதித் தர முடியுமா, பின்னால் வருகிறவர்களுக்கு உதவும் என்றார். எழுதுகிறேன் என்று பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டேன். உட்கார்ந்து பார்த்தால், எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. மீதி மூன்றரைப் பக்கத்துக்கு என்னிடம் பயம் மட்டும்தான் கைவசம் இருந்தது. கேட்டவருக்கு இல்லை என்று சொல்லக் கூடாது அல்லவா, அதையே தருகிறேன்.

நான் கற்றுக்கொண்ட காலத்தை விரைவாகக் கடந்துவிடலாம். ஒரு டிப்ளமா. இரண்டு வருடம் ரேடியோ கடை. சென்னையில் ஒரு அளவுக் கருவிக் கூடத்தில் நாலு வருடம், அதில் மூன்று வருடம் மற்றவர்களின் சால்டரிங் இரும்பைச் சூடாக்கி வைத்தேன். பிறகு கள்ளக்குறிச்சி. மின்கம்பச் சாமான்களைச் சோதித்துச் சான்று தருகிற ஒரு ஒப்பந்த நிறுவனம், சுற்றுவட்டாரத்தில் ஆறு கிளை, பெயர் வேண்டாம். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடி. எனக்கு ஒரு மேசை, ஒரு மின்விசிறி, எனக்கு முன்பே பிறந்த ஆறு பெட்டிகள்.

அந்தப் பெட்டிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மின்கம்பத்தின் உச்சியில் இடியை வாங்கி மண்ணுக்கு அனுப்பக் கட்டியிருப்பார்களே இடிதாங்கி, முழங்கை நீளப் பீங்கான், அதைச் சோதிக்கும் பெட்டி. சாம்பல் நிறம், தூக்க இரண்டு ஆள் வேண்டும். இடிதாங்கியின் தலையில் ஒரு கிளிப்பை மாட்டிப் பத்தாயிரம் வோல்ட் கொடுப்போம். கரண்ட் கசியாவிட்டால் மீட்டர் முள் ஏறி நிற்கும், நல்லது. கசிந்தால் குப்பை. புதுக் கருவி வாங்கும் யோசனை ஒவ்வொரு வருடமும் வரும், ஒவ்வொரு வருடமும் போகும். ஆகவே பழசுக்குள் புது உதிரியைத் திணித்து ஓட்டுவது என் உத்தியோகம் ஆயிற்று.

வேலை முறை இது. கிளிப்பை மாட்டு. வோல்ட்டை ஏற்று. முள்ளைப் பார்த்து எழுது. இறக்கு. சுவிட்சை அணை. இருபது வரை எண்ணு. பிறகு கிளிப்பைக் கழற்றி அடுத்த பீங்கானுக்கு மாட்டு. அணைத்த பின்னும் பெட்டிக்குள் இருக்கும் கண்டென்சரில், அதாவது மின்சாரத்தைக் குடம்போலப் பிடித்து வைக்கும் சாமானில், கொஞ்ச நேரம் வோல்ட் நிற்கும். அது வடிவதற்குத்தான் இருபது. அதற்குப் பிறகும் ஒரு நீளக் குச்சியால் கிளிப்பைத் தொட்டு மிச்சத்தை மண்ணுக்கு அனுப்ப வேண்டும் என்று விதி. டிஸ்சார்ஜ் ராடு என்பார்கள். ஒவ்வொரு பெட்டியோடும் ஒரு ராடு உண்டு. எல்லோரும் அதில் சாப்பாட்டுப் பையை மாட்டினார்கள். இருபது எண்ணியபின் வெறும் கையால் கிளிப்பைக் கழற்றி யாருக்கும் எதுவும் ஆனதில்லை. பல வருடங்களாக ஆகாத ஒன்று இனியும் ஆகாது என்று நாங்கள் நம்பியதில் வியப்பில்லை. நான் உட்பட.

நம்பாதவர் ஒருவர் மட்டும்தான். எங்கள் மேலாளர் மேடம். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். மின்சாரம் ஓடும் பெட்டி அருகே ஒரு கையைச் சட்டைப் பையில் வைத்துக்கொள் என்று எங்கள் தொழிலில் ஒரு பாடம் உண்டு; இரண்டு கையாலும் தொட்டால் கரண்ட் நெஞ்சு வழியாகப் போகும். மேடத்தின் சுடிதாரில் பை இல்லை. அதனால் இடக்கையைப் பின்னால் கட்டி, துப்பட்டாவின் நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். சங்கிலியில்தான் கட்டியிருக்கிறது என்று தெரிந்தும் நாயுள்ள வீட்டுக்குள் நுழைகிறவரைப் போல் ஒவ்வொரு பெட்டியையும் பக்கவாட்டில் நெருங்குவார். கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. "சரியா இருக்கு மேடம்" என்று நான் சொன்னால் பதில் வராது, அங்கேயே நிற்பார். "ஒன்பதாயிரத்து எண்ணூறு காட்டுச்சு மேடம்" என்றால்தான் தலையசைத்து நகர்வார். என் அபிப்பிராயம் அவருக்கு எக்காலத்திலும் தேவைப்பட்டதில்லை. அவர் போன பிறகு நாங்கள் அவர் நிற்பதைப்போல் நின்று காட்டிச் சிரிப்போம். நான் நன்றாகவே நின்று காட்டுவேன்.

மலைக்கு மழை வருமுன் கல்வராயனில் இருந்த இடிதாங்கிகளைச் சோதிக்கும் வேலை வந்தது. அதற்கென்று ஒரு பெட்டியைத் திறந்தேன். உள்ளே கண்டென்சர் பழைய எண்ணெய்க் காகித வகை. தகர டப்பா, அடியில் எண்ணெய் வழிந்திருந்தது. வோல்ட் நிற்காமல் ஒழுகிக்கொண்டிருந்தது. தூக்கிவிட்டு இக்காலத்துப் பிளாஸ்டிக் வகையைப் போட்டேன். கால்வாசி அளவு, ஒரு சொட்டு ஒழுகாது.

அதோடு விட்டிருக்கலாம். என் தொழிலில் ஒரு அழகு வியாதி உண்டு. அறுபது வருடப் பெட்டியைத் திறந்தால் மஞ்சள் பிளாஸ்டிக் பல்லிளிக்கக் கூடாது என்று, பழைய தகர டப்பாவின் குடலை எடுத்துவிட்டுப் புது கண்டென்சரை அதற்குள்ளேயே ஒளித்து, மூடிச் சால்டர் வைத்து, பழைய எழுத்து முன்னால் தெரியும்படி திருப்பி வைப்போம். உள்ளே புதுசு, வெளியே புராதனம். எந்த டப்பாவை மாற்றினேன் என்று எனக்கே ஒரு வாரத்தில் தெரியாமல் போனால் வேலை சுத்தம் என்று பொருள். என் வேலை மிகச் சுத்தம்.

சோதித்தும் பார்த்தேன். நானே செய்த உயர்வோல்ட் மீட்டர் ஒன்று உண்டு, அதைக் கிளிப்போடு இணைத்துப் பத்தாயிரம் ஏற்றினேன். முள் ஆடாமல் நின்றது. அணைத்தேன். எண்ணினேன். பத்துக்குள் பூஜ்யம். பச்சை மையில் கையெழுத்துப் போட்டுச் சீட்டை, எப்போதும்போல், மூடியின் உட்புறம் ஒட்டினேன்.

அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு ஜீப்பில் பெட்டி மலைக்குப் போனது. கூடவே சோதனையாளர் ஏகாம்பரம். என்னோடு பதினைந்து வருடம் வேலை பார்த்தவர், நிதானமான மனிதர், எண்ணுவதில் மட்டும் அவசரக்காரர். கிளிப் மாற்ற அஞ்சலை. கருணாபுரத்திலிருந்து தினக்கூலிக்கு வருகிறவர், நாற்பது வயது இருக்கும். சேலைக்கு மேல் கணவரின் பழைய சட்டை போட்டிருப்பார். ஏகாம்பரத்தின் இருபது அஞ்சலையின் கணக்கில் பன்னிரண்டு. அதற்குள் கிளிப் கையில் இருக்கும்.

நான் மேசையில் இரண்டாவது பெட்டிக்கு அதே வைத்தியத்தைச் செய்துகொண்டிருந்தேன். நேற்று எல்லாம் சரியாக இருந்ததால் இன்று என் மீட்டரை மாட்டவில்லை. தன்னம்பிக்கை என்பது இதுதான். வோல்ட் ஏற்றி, அணைத்து, கீழே போய்த் தேநீர் குடித்துவிட்டு, ஒருவரோடு அரசியல் பேசிவிட்டு வந்தேன். கால் மணி நேரம் ஆகியிருக்கும். கிளிப் வழியில் கிடந்தது. நீளத் திருப்புளியால் ஓரமாகத் தள்ளினேன். அதன் நுனி பெட்டியின் இரும்பில் பட்டது.

தீபாவளி வெடி என்று சொன்னால் அது வெடிக்கு மரியாதை. நீல வெளிச்சம் ஒன்று வந்து போனது. நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். எப்படி உட்கார்ந்தேன் என்று தெரியாது. திருப்புளியின் நுனியில் எலி கடித்ததுபோல் ஒரு துண்டு இல்லை. பிளாஸ்டிக் கைப்பிடி என் உயிரைக் காப்பாற்றியிருந்தது. பெட்டியின் முகப்பு மீட்டர் அப்போதும் பூஜ்யத்தைக் காட்டிக்கொண்டு சாதுவாக இருந்தது. அது உள்ளே வரும் கரண்டைப் பார்த்துக் கணக்குச் சொல்லும் மீட்டர். வெளியே நிற்பதைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

எழுந்து உள்ளே அளந்தேன். வோல்ட்டை வடிப்பதற்கென்றே ஒரு ரெசிஸ்டர் வரிசை உண்டு. அது அறுந்திருந்தது. பழைய கரி ரெசிஸ்டர். எத்தனை வருடத்துக்கு முன் செத்ததோ. யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் பழைய கண்டென்சர் தானே ஒழுகித் தானே காலியானது. நாங்கள் இருபது எண்ணிப் பிழைத்தது பாதுகாப்பு அமைப்பால் அல்ல, ஓட்டையால். அந்த ஓட்டையைத்தான் நான் திறமையாக அடைத்திருந்தேன். நேற்று பத்துக்குள் பூஜ்யம் வந்ததே? அதை வடித்தது நான் மாட்டியிருந்த என் மீட்டர்.

முதல் பெட்டியில் அந்த ரெசிஸ்டரை நான் அளக்கவில்லை. நன்றாக இருக்கலாம். அறுந்தும் இருக்கலாம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நிமிடம் எனக்கு முதலில் நினைவு வந்தது அஞ்சலையின் கை அல்ல. பச்சை மைக் கையெழுத்து. அதைப் போலீஸ்காரர் ஒருவர் குனிந்து படிப்பது போல் தெரிந்தது. அதற்கு அடுத்துத்தான் அஞ்சலை வந்தார். இந்த வரிசையை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஏகாம்பரத்தின் எண் தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தது. மலையில் அது எப்போதும் அப்படித்தான். மேடத்தைக் கூப்பிட்டு, மூச்சு வாங்க, எல்லாவற்றையும் தலைகீழ் வரிசையில் சொன்னேன். அவர் குறுக்கிடவில்லை.

"அந்தப் பெட்டியில நீங்க அளந்தீங்களா சார்?"

"இல்ல மேடம்."

"கிளம்புங்க. ஜீப்பு மலை ஏறிடுச்சான்னு நான் செக்போஸ்ட்டுல கேக்கறேன். போற வழியில ஃபோன எடுக்காதீங்க, வண்டிய மட்டும் பாருங்க."

அவர் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

கச்சிராயபாளையம் சாலையில் எனக்கு முன்னால் கரும்பு டிராக்டர்கள் போய்க்கொண்டிருந்தன; ஒன்றைத் தாண்டினால் இன்னொன்று. நான் மணிக்கு முப்பதைத் தாண்டி ஸ்கூட்டர் ஓட்டியறியாதவன். அன்று ஐம்பதில் போனேன், உடம்பு முழுக்க முப்பதிலேயே இருந்தது. மனசு கணக்குப் போட்டது. ஒரு இடிதாங்கிக்கு மூன்று நிமிடம். ஒன்பதரைக்கு ஆரம்பித்திருந்தால் பத்தரைக்குள் இருபது முறை அந்தக் கை கிளிப்புக்குப் போயிருக்கும். இருபது முறையில் ஒரு முறை போதும். கோமுகி அணை தாண்டி மலை ஏறியதும் பனி. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் எதிரே ஜீப் இறங்கி வருவதுபோலவும், அதன் பின்சீட்டில் யாரையோ படுக்க வைத்திருப்பது போலவும் தோன்றியது. ஒரு வளைவில் உண்மையிலேயே ஒரு ஜீப் வந்தது. நிறுத்திவிட்டேன். அதில் பலாப்பழம்தான் இருந்தது. ஓட்டுநர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தண்ணி வேணுமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

வெள்ளிமலை தாண்டி ஒரு சரக்குக் கொட்டகை. வாசல் புல்வெளியில் இடிதாங்கிகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். ஜெனரேட்டர் சத்தம் கேட்டது. இருவரும் நின்றுகொண்டிருந்தார்கள், உயிரோடு. எனக்குக் கண் கலங்கியது. பெட்டியில் ரெசிஸ்டர் நன்றாக இருக்கிறது போலும், வீணாக ஓடி வந்தோம் என்று நினைத்தேன். இவர்களிடம் என்ன காரணம் சொல்லலாம் என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

ஏகாம்பரம் என்னைப் பார்த்துச் சிரித்தார். "வா சார். நல்ல நேரத்துக்கு வந்த. காலையிலேந்து பதினாறு பாத்தோம், பதினாறும் ஃபெயிலு. முள்ளு ஏறவே மாட்டேங்குது. பொட்டிதான் போச்சுன்னு நெனச்சிக்கினு இருந்தேன். அஞ்சலதான் சொல்லிச்சு, பனியில நனஞ்சிக்கினு கீது, தொடச்சிப் பாக்கலாம்னு. தொடச்சா பாரு, சோக்கா நிக்குது. இன்னா வேல பண்ணி வெச்சிருக்க சார் நீ, ஆடவே இல்ல."

சொல்லிக்கொண்டே சுவிட்சை அணைத்தார். எண்ணத் தொடங்கினார்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. பதினாறு பீங்கானும் ஈரம். ஈரத்தின் வழியாக வோல்ட் வடிந்து போயிருக்கிறது. பதினாறு முறையும் அஞ்சலையைக் காப்பாற்றியது கல்வராயன் பனி. இப்போது நிற்பது துடைத்துக் காயவைத்த முதல் பீங்கான். இதில் எதுவும் வடியாது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஓடிப்போய் ஜெனரேட்டரை நிறுத்தினேன். ஆபத்தென்றால் மெயினை அணை. முப்பது வருடப் பழக்கம், மூளையைக் கேட்காமல் கால் ஓடிவிட்டது. பெட்டிக்குள் நிற்கும் பத்தாயிரத்துக்கும் ஜெனரேட்டருக்கும் இனி எந்த உறவும் இல்லை. மலை திடீரென்று அமைதியானது. அந்த அமைதியில் ஏகாம்பரம் எண்ணுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அதான் சாரே ஆஃப் பண்ணிட்டாரே, இன்னாத்துக்கு எண்ணிக்கினு" என்று அஞ்சலை கிளிப்புக்குக் கையை நீட்டினார்.

நான்தான் அவரை அவசரப்படுத்தியிருந்தேன்.

கத்த வாய் திறந்தேன். மலைக்காற்றும் ஸ்கூட்டரும் சேர்ந்து தொண்டையில் எதையும் மிச்சம் வைக்கவில்லை. நாலு எட்டில் போய் அஞ்சலையின் சட்டைக் காலரைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தேன். இருவரும் ஈரப் புல்லில் விழுந்தோம். அஞ்சலை எழுந்திருக்கும் முன்பே திட்ட ஆரம்பித்துவிட்டார். என் அம்மாவில் தொடங்கி நிதானமாக மேலே போய்க்கொண்டிருந்தார். ஏகாம்பரம், "இன்னா சார் இது, பொம்பளைய" என்று என்னைத் தடுக்க வந்தார்.

நான் ராடைத் தேடினேன். சாப்பாட்டுப் பை மாட்டியிருந்தது. பையைக் கீழே தள்ளினேன், மண் கம்பியை மாட்டினேன், கையை நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு கிளிப்பைத் தொட்டேன்.

அந்தச் சத்தம் எதிர் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. கொட்டகைக் கூரையிலிருந்த காகங்கள் எல்லாம் எழுந்தன.

ஏகாம்பரம் புல்லில் உட்கார்ந்து தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அஞ்சலைதான் முதலில் வாயைத் திறந்தார். திட்டு அடங்கியிருந்தது.

"ஆஃப் பண்ணப்பறம் எப்பிடி சார் இருக்கும்?"

விளக்கினேன். பழசு ஓட்டைக் குடம், தானே ஒழுகிவிடும். நான் ஒழுகாததை வைத்துவிட்டேன். வடிகால் செத்திருந்ததை அளந்து பார்க்கவில்லை. என் வாழ்க்கையில் நான் ஒரு தொழில்நுட்ப விஷயத்தை இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

"ஓட்டக் கொடந்தான் இத்தினி வருசமா எங்கள காப்பாத்திக்கினு இருந்துச்சா" என்றார் அஞ்சலை. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். கிளிப்பை, பிறகு பெட்டியை, பிறகு என்னைப் பார்த்தார்.

"இதே மாதிரி வேற எந்தப் பொட்டியிலனா வெச்சிக்கிறீங்களா சார்?"

இதை நான் யோசித்திருக்கவில்லை. கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை வரை, அத்தனை வளைவிலும், ஒரு தடவைகூட.

வைத்திருந்தேன். முந்தைய இரண்டு மூன்று வருடங்களில், கிளைகளிலிருந்து வந்த பெட்டிகளில். சிக்னல் கிடைக்கும் வளைவு வரை ஜீப்பில் இறங்கி மேடத்துக்குச் சொன்னேன். இங்கே யாருக்கும் எதுவும் ஆகவில்லை, இன்னும் மூன்று பெட்டி வெளியே இருக்கின்றன என்றேன். மூன்று என்று சொல்லும்போதே அது மூன்றுதானா என்று சந்தேகம். நான் எழுதி வைக்கவில்லை. டப்பாக்களும் சொல்லாது, அவ்வளவு நன்றாக மூடியிருந்தேன்.

மேடம் அன்று மாலைக்குள் ஆறு கிளைகளிலும் வேலையை நிறுத்தினார். எந்தப் பெட்டியையும் ராடு இல்லாமல் தொடக் கூடாது என்று சுற்றறிக்கை போனது. அதில் என் பெயர் இல்லை. நான் அதைச் சேர்க்கச் சொன்னேன், சேர்க்கவில்லை. "பேரு தெரிஞ்சா உங்கள திட்டுவாங்க, ரெசிஸ்டர மறந்துடுவாங்க" என்றார். அடுத்த வாரம் முழுக்க நாங்கள் இருவரும் ஊர் ஊராகப் போய்ப் பெட்டிகளைத் திறந்தோம். உளுந்தூர்பேட்டைப் பெட்டியில் ரெசிஸ்டர் நன்றாக இருந்தது. இன்னொரு ஊரில் அறுந்திருந்தது. அங்கே கிளிப் மாற்றுகிறவர் பயந்த சுபாவம், ஆரம்பம் முதல் ராடு வைத்தே தொட்டாராம், அதற்காக அவரைக் கேலி செய்வார்களாம். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

அஞ்சலை மறுநாளும் வேலைக்கு வந்தார். தினக்கூலிக்கு அதிர்ச்சி விடுப்பு கிடையாது. ராடில் மாட்டிய பைகளை எல்லாம் தானே எடுத்துச் சுவரோரம் வைத்தார். நான் எந்தப் பெட்டியைக் கொடுத்தாலும், "அளந்தீங்களா சார்?" என்று கேட்பார், நான் எண்ணைச் சொல்லும்வரை நின்றுகொண்டிருப்பார். மேலாளர்கள் இரண்டு பேர் ஆகிவிட்டார்கள். இரண்டு பேருமே தேவைப்பட்டார்கள். இருந்தும் என் கை சால்டர் வைக்கும்போது நடுங்க ஆரம்பித்தது. விருப்ப ஓய்வு விண்ணப்பத்தில் காரணம் எழுதும் இடத்தில் 'சொந்தக் காரணம்' என்று எழுதினேன்.

வெளியே இருந்த மூன்றில் மூன்றாவது பெட்டி கிடைக்கவில்லை. நாங்கள் தேடிப் போவதற்கு ஒரு மாதம் முன்பு, பழைய சாமான்களோடு அது ஏலத்தில் போயிருந்தது. எடுத்தவர் சேலம் பக்கம் இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார். அவர் யாருக்கோ கொடுத்திருக்கிறார். அதற்குமேல் தடம் இல்லை. பிரித்து இரும்புக்குப் போட்டிருப்பார்கள் என்று எல்லோரும் ஆறுதல் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் நல்ல நிலையில் ஓடும் கருவியை யார் இரும்புக்குப் போடுவார்கள்?

ஆகவே, புது உதிரி போடுவது பற்றி எனக்குத் தெரிந்த அரைப் பக்கம்: கெட்டதை மாற்றும் முன், அந்தக் கெட்டது இத்தனை நாள் எதைச் செய்துகொண்டிருந்தது என்று அளந்து பாருங்கள். மாற்றினால் அதை மறைக்காதீர்கள், மஞ்சளாகவே தெரியட்டும்.

மீதி இது. சாம்பல் நிறப் பெட்டி. இடது மூலையில் ஒடுக்கு. மூடியின் உட்புறம் பச்சை மையில் ஒரு கையெழுத்து, கடைசி எழுத்து கொஞ்சம் அலட்டலாக நீண்டிருக்கும். எங்காவது ஒரு பட்டறையிலோ கல்லூரிச் சோதனைக் கூடத்திலோ பார்த்தால், சுவிட்ச் அணைந்திருந்தாலும், மீட்டர் பூஜ்யம் காட்டினாலும், நீங்கள் நூறு வரை எண்ணியிருந்தாலும் கிளிப்பில் கை வைக்காதீர்கள். அது ஓடுமா என்று சோதித்துப் பார்க்கவும் வேண்டாம். ஓடும். மிக நன்றாக ஓடும்.